ஒரே வெடியும் கோள்மூட்டியும்

அவன் பிறக்கும்போதே மருத்துவச்சியின் தாடையில் உதைத்து இரண்டு பல்லைக் கழற்றினான். ஒரு பல்தான் என்று குறைத்துச் சொல்பவர்கள் பொறாமைக்காரர்கள். தன் கல்யாணத்தன்று, வாய் நீண்ட மச்சானின் மூக்கை உடைத்துவிட்டுத்தான் மாப்பிள்ளைச் சட்டையே போட்டான்.

அப்பேர்ப்பட்ட முரடன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஒரு தீவுக்கு அனுப்பினார்கள். எந்தக் காலத்திலோ கப்பல்காரர்கள் இறக்கிவிட்ட ஆடுகள் பெருகி, தீவையே மொட்டையடித்திருந்தன. வேறெங்கும் முளைக்காத செடி ஒன்று அங்கே அழியக் கிடந்தது. செடி பிழைக்க ஆடுகள் சாக வேண்டும். ஓர் ஆட்டுக்கு ஒரு தோட்டாவுக்கு மேல் அவன் செலவழித்ததில்லை; அதனால் அவன் பேர் 'ஒரே வெடி'. மூக்குடைந்த மச்சான்தான் அவனுக்குப் படகோட்டி.

எஞ்சிய ஆடுகள் ஒளியத் தொடங்கின. அப்போது ஒரு பெட்டையைப் பிடித்து, கழுத்தில் சிக்னல் பட்டை மாட்டி அவிழ்த்துவிட்டார்கள். ஆட்டுக்குத் தனியாக இருப்பு கொள்ளாது. சொந்தம் எங்கே என்று மோப்பம் பிடித்துப் போகும். பின்னாலேயே அவனும் போவான். சொந்தமெல்லாம் சாயும், அது மட்டும் நிற்கும். சுட்டு முடித்ததும் அதற்குக் கைநிறையச் சோளம் கொடுப்பான். வெடிச் சத்தம் கேட்டாலே அவன் உள்ளங்கையைத் தேடி ஓடிவரும். 'கோள்மூட்டி' என்று பேர் வைத்தவன் அவன்தான்.

இயற்கைப் பாதுகாப்பைக் களத்தில் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் வந்தார்கள். முதல் நாளே பாறை இடுக்கில் பதுங்கியிருந்த மந்தையைக் கோள்மூட்டி காட்டிக்கொடுத்தது. கிடா மூளை சிதறி விழுந்தது. குட்டிகள் தாயின் மேலேயே சுருண்டன. பாறை வழியாக ரத்தம் இறங்கி மாணவர்களின் புதுக் காலணிகளை நனைத்தது. ஒருவன் வாந்தியெடுத்தான். வீட்டில் நம் மொழி பேசி வளர்ந்த கண்ணாடிக்காரி ஒருத்தி மட்டும் வாயைத் திறந்தாள்.

"பாதுகாப்புப் படிக்க வந்தோம் அண்ணே. நீங்க கசாப்புல்ல சொல்லித்தர்றீங்க?"

"ரெண்டும் பக்கத்து வீடுதான் தங்கச்சி. சுவர் மட்டும் நடுவுல."

படிப்பு முடியும் வாரம், சிக்னல் கருவியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கோள்மூட்டியைத் தொடர்ந்தார்கள். அது மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, கடைசியில் அவன் குடியிருப்பின் கொல்லைக்கதவில் போய் நின்று, காய்ந்துகொண்டிருந்த அவன் சட்டையை மென்றது.

அவன் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, சொந்தத்தக் கண்டுபிடிச்சிருச்சு! உங்களயும் ஆட்டுல சேத்துருச்சு!"

மாணவர்களைக் கூட்டிவந்த வாத்தியாரம்மா சிரிக்கவில்லை. "அப்படின்னா தீவுல வேற ஆடே இல்ல. இதுதான் கடைசி. இதயும் சுட்டாகணும்."



"படகுல ஏத்திக் கொண்டுபோயிரலாமே?" என்றாள் கண்ணாடிக்காரி.

"உயிரோட ஒரு ஆடும் தீவ விட்டுப் போகக்கூடாது. நோய் பரவும்னு உத்தரவு. இங்கயே விட்டா, இப்பத்தான் தலைகாட்டுற முளையெல்லாம் இதோட ஒரு வாய்க்குப் பத்தாது" என்றாள் வாத்தியாரம்மா.

"உங்களால முடியலன்னா வேற ஆள அனுப்பச் சொல்றேன்" என்று வாத்தியாரம்மாவே அவனிடம் திரும்பினாள்.

"எவனும் வேணாம்!" என்று அவன் கத்தியதில் கூரைப் பறவைகள் பறந்தன. "கண்டவன் வந்து கால்ல ஒண்ணு, வயித்துல ஒண்ணுன்னு துடிக்கவச்சுக் கொல்லுவான். நான் சுட்டா ஒரே வெடி. அவளுக்குத் தெரியவே தெரியாது."

மறுநாள் காலை, தன் வாடை எட்டாத தூரத்தில் புதருக்குப் பின்னால் மண்டியிட்டான். கோள்மூட்டி மேட்டில் தனியாக நின்றிருந்தது. சுட்டான்.

கையோ கண்ணோ, எது கைவிட்டதோ, தோட்டா முன்னங்கால் சப்பையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஆடு உருண்டது, எழுந்தது. வெடி கேட்டாகிவிட்டது, இனிச் சோளம்தானே? மூன்று காலில், நான்காவது கால் தோலில் தொங்க, ரத்தம் கொட்டக் கொட்ட, சத்தம் வந்த திசைக்கு நேராக ஓடிவந்து அவன் உள்ளங்கையில் மூக்கை நுழைத்தது.

கை வெறுங்கை. சட்டைப்பையைத் துழாவினான். தையலில் ஒட்டிக்கிடந்த சில மணிகள் அகப்பட்டன. நீட்டினான். அது மெல்லும்போதே துப்பாக்கிக் குழலை அதன் காதோரம் வைத்து விசையை அழுத்தினான்.

துறையில் படகைக் கட்டிக்கொண்டிருந்த மச்சான் சத்தங்களை எண்ணியிருந்தான். முகமெல்லாம் ரத்தத்தோடு வந்தவனைப் பார்த்தும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன மாப்ள, ரெண்டு வெடியா?"

மச்சானின் மூக்கு அன்று இரண்டாம் முறை உடைந்தது. ஆனால் அந்தப் பேர் நிலைத்துவிட்டது. இப்போது 'ரெண்டு வெடி' என்று யார் கூப்பிட்டாலும் அவன் கையை ஓங்குவதில்லை, திரும்பி, "என்ன?" என்கிறான்.