சீட்டுக்கார அக்கா சாட்சிக்கு வந்த நாள்

அன்றைக்கு சுவிஸின் ஊஸ்டர் நகரத்தில், சோசியல் அலுவலகத்தின் அந்தச் சின்ன அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: என் உதவிப்பணத்துக்குப் பொறுப்பான சுவிஸ் அதிகாரியம்மா, மொழிபெயர்க்க வந்த தமிழ் அண்ணை, சீட்டுப் பிடிக்கிற அக்கா, நான். அக்காவை அவர்கள் கூப்பிடவில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இங்கே வந்து உணவகங்களில் கோப்பை கழுவினேன். அந்த வேலையும் போய், முப்பது வயதில் சோசியல் காசில் இருந்துகொண்டு, ஒரு வருடம் முழுநேரமாகப் படிக்க அனுமதி கேட்டு அங்கே விண்ணப்பித்திருந்தேன். அதிகாரியம்மாவுக்கும் விருப்பம்தான். ஆனால் முந்தைய வருடம் என் வங்கிக் கணக்குக்கு ஆறாயிரம் பிராங் வந்திருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. சேமிப்பை ஒளித்து வைத்திருக்கிறேனா என்று கேட்டார். அது தங்கையின் கல்யாணத்துக்கு நான் எடுத்த சீட்டு. வந்த கிழமையே ஊருக்குப் போய்விட்டது.

எனக்கு நித்திரை போயிற்று. படிப்பு கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, கள்ளன் என்று எழுதிவிட்டால்? விசாவில் கை வைத்தால்? வழக்கென்றால் சாட்சி வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த சட்டம்.

வாசலில் அக்காவைக் கண்டதும் ஓடிப்போய் மறித்தேன். பட்டுச் சேலை, தாலிக்கொடி, இரண்டு கையிலும் தங்கக் காப்பு.

“அக்கா, இதென்ன கோலம்? காப்பையாவது கழட்டுங்கோ!”

“விசரா, வெறுங்கையோட போனா ஆர் என்னை நம்புறது?”

உள்ளே அக்கா தயங்கவில்லை.

“பன்னிரண்டு பேர். மாசம் ஐந்நூறு. மாசத்துக்கு ஒராள் முழுக்காசையும் எடுக்கும். எடுத்தவர் கடைசி மாசம் வரைக்கும் கட்டவேணும். இவன் எடுத்திட்டான், இன்னும் கட்டி முடியேல்லை.”

கையெழுத்து வைத்த தாள் எங்கே என்று அதிகாரியம்மா கேட்டார்.

“தாளோ? இவனை எனக்குத் தெரியும். வீதியில பொலிஸைக் கண்டாலே வேர்க்கிறவன், எங்க ஓடப்போறான்?”

மொழிபெயர்ப்பாளர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டு ஜெர்மனில் சொன்னார். அதிகாரியம்மா என்னைப் பார்த்தார். “அப்படியென்றால் உங்களிடம் இருப்பது சேமிப்பு இல்லை, கடன்.” எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் அக்கா பக்கம் திரும்பினார். “இந்தக் கடனை நாங்கள் கட்டமாட்டோம். இவர் படிப்பதைவிட வேலைக்குப் போவதுதானே உங்களுக்கு நல்லது?”

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு வேலை போனதிலிருந்து என் பங்கை அக்காதான் தன் கைக்காசில் போட்டுவந்தார். அவர் ஓம் என்றால் என் பள்ளிக்கூடம் அந்த மேசையிலேயே முடிந்துவிடும்.

அக்கா காப்பை ஒருதரம் மேலே தள்ளிவிட்டார்.

“கோப்பை கழுவினா என்ர காசு கெதியா வரும், உண்மைதான். ஆனா பிறகும் கோப்பைதான் கழுவுவான். படிக்கட்டும். நான் பொறுக்கிறன்.”

பிறகு என் பக்கம் சரிந்து, “பெயில் விட்டியோ, வட்டியும் சேத்து வாங்குவன்” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

அதிகாரியம்மா என் விண்ணப்பத்தை இழுத்து, ஒரு வருடத்துக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை புதுக் கொப்பியும் பேனையுமாக வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அக்காவுக்கு நான் அப்போது கொடுக்கவேண்டியிருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு பிராங்.