நெருப்பில்லாத ரயிலுக்குச் சாட்சி

மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் குழந்தைசாமி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ரயில் புளுகன்’ என்று கேளுங்கள், சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். தன் நன்மைக்காக ஒரு பொய் சொன்னவனில்லை அவன். அந்தப் பெயரை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான், அவன் கூட்டாளி அப்பாசாமி.

ரெண்டாவது ஜெர்மன் சண்டை வருவதற்கு முந்தின வருஷம் இருவரும் மிளகு மூட்டையோடு முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினோம். மிளகைப் போட்டுவிட்டு, ரயில் பார்க்கும் ஆசையில் தூரத்து டவுன் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். அங்கே நின்றது ஒற்றைப் பெட்டி. முன்னால் இஞ்சின் இல்லை, கரி இல்லை, புகைபோக்கி இல்லை. டீசல் எண்ணெயில் ஓடுகிறதாம், பக்கத்து ஊர்களுக்குப் போய்த் திரும்புமாம். ஏறி உட்கார்ந்தோம். திடீரென்று காலுக்கடியில் ஏதோ உறுமியது. பலகை, பல், எலும்பு எல்லாம் அதிர்ந்தன. முனி பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். மீசை வைத்த ஆம்பிளை, வேட்டியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன்.

குழந்தைசாமி பார்த்துவிட்டான். கையிலிருந்த சுரைக்குடுவைத் தண்ணீரை என் மடியிலும் தன் மடியிலும் கொட்டிவிட்டு, “குடுவை கவுந்துருச்சுங்க” என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னான்.

அந்தத் தையில் அவனுக்குக் கண்ணாயியைப் பேசி, வெற்றிலை மாற்ற ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் அவன் அந்த வண்டியைப் பற்றிச் சொன்னான். பெண்ணின் அப்பா ராசப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“நெருப்பில்லாம ரயில் ஓடுதா? சபையில புளுகுறவனுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்.”

“அப்பாசாமியும் கூட வந்தானுங்க. அவனக் கேளுங்க” என்றான் குழந்தைசாமி.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. ஆமாம் என்றால், ஏறினாயா, எப்படி இருந்தது என்று தோண்டுவார்கள். என் வேட்டிக் கதை வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

“நான் அப்படி ஒண்ணும் பாக்கலீங்க” என்றேன். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். தூ!

என்னை அங்கேயே அம்மணமாக்க அவனுக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. “அப்ப, கனாக் கண்டிருப்பேனுங்க” என்று எழுந்து போனான். அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை.

ராசப்பன், சபையில் உண்மை பேசிய பிள்ளை என்று மெச்சி, கண்ணாயியை எனக்குக் கட்டிவைத்தார். வெட்கங்கெட்டவன், தாலி கட்டினேன். மூன்று பிள்ளைகளும் பிறந்துவிட்டன. போன மாசம் களி கிண்டிக்கொண்டே அவள் கேட்டாள்: “ஏனுங்க, அவரு சொன்னது பொய் மாதிரியே தெரியல. நெசமாவே அப்படியொரு வண்டி இல்லீங்களா?”

“இல்ல கண்ணு” என்றேன்.