ஆணியில் மாட்டிய வில்லை

வடக்கு லண்டனில் ஒரு பழைய மாளிகை. உரிமையாளரின் அனுமதியோடு அதன் தோட்டத்து மண்ணில் புதைந்த பழங்காசுகளை உலோகம் காட்டும் கருவிகளால் தேட எங்கள் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது. அன்று எனக்குத் துணையாக நடந்தவரின் பெயரை நான் கேட்கவில்லை. ஒல்லியான யாழ்ப்பாணத்து மனிதர்; நரைத்த தாடி, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. தோண்டிய குழியை மூடிப் புல்லைப் பொருத்திய பிறகும் உள்ளங்கையைச் சற்று நேரம் அதன்மேல் வைத்திருப்பார்.

என் கருவி கத்திய இடத்தில் ஒரு பித்தளை வட்டம் கிடைத்தது. பழைய காசு என்று துள்ளினேன். அவர் அதை வாங்கி விரலால் மண்ணைத் துடைத்தார். அரசர் தலை இல்லை. ஒரு எண்ணும் ஒரு துளையும் மட்டும் இருந்தன.

"இது காசில்லை, தம்பி. முந்தி இஞ்ச செங்கல் சூளை இருந்தது. வேலையாள் காலமை இந்த வில்லையோட களிமண் குழிக்குள்ள இறங்குவான். பின்னேரம் ஏறி வந்து ஆணியில மாட்டோணும். துளையின்ர மேல்பக்கம் தேஞ்சிருக்கு, பாரும்."

"மாட்டாட்டி?"

"ஆள் இன்னும் உள்ளுக்கை எண்டு தேடுவினம்."

"இந்த வேலையாள் வில்லையை எங்கையாவது துலைச்சிருப்பான், அண்ணை."

"ஓம். அப்பிடித்தான் நானும் நினைக்கிறன்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

மாலையில் கிடைத்தவற்றையெல்லாம் தோட்டக் கொட்டகையிலிருந்த தட்டில் வைத்தோம். அவர் அந்த வில்லையை அதில் வைக்கவில்லை. கதவருகே கோட்டு மாட்டும் ஆணியில் அதைத் தொங்கவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஊரில் வீடு திரும்பாத யாரையோ நினைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

இப்போதும் வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டும்போது என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.