நான் ஓடாத தூரம்

கடலூரில் ஓர் அரசு மகளிர் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் என் கூடைப்பந்து அணிப் பெண்கள் என்னுடைய கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். இரண்டு அமெரிக்க ஆட்டக்காரர்களைப் பற்றிய சண்டை. ஒருவர் நான் படித்த காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர். இன்னொருவர் இப்போது ஆடுகிறவர். யார் பெரியவர்? பழையவரை இன்றைய மைதானத்தில் இறக்கிவிட்டால் தாக்குப்பிடிப்பாரா? இப்போதெல்லாம் ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்தில் எவ்வளவு தூரம் ஓடினார், எத்தனை தடவை வேகம் எடுத்தார், தடுக்கும்போது யாரிடமிருந்து யாரிடம் மாறினார் என்பதையெல்லாம் கணக்கெடுத்துப் போடுகிறார்கள். பெண்கள் அதை வைத்து ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் பழையவர் பக்கம் பேசினேன். எங்கள் காலத்தில் தடுப்பவள் இடுப்பில் கை வைத்துத் தள்ளுவாள், நடுவர் விசில் ஊதமாட்டார், அதையும் மீறித்தான் பந்தைப் போட வேண்டும், இன்றைக்கு விரல் பட்டாலே ஃபௌல், அதனால் இப்போதைய ஆட்டம் லேசு என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாவட்ட இறுதியாட்டத்தில் சிறந்த வீராங்கனைக் கோப்பை வாங்கியவள் நான் என்பதையும், இன்றைய கல்லூரிப் பெண்கள் யாரும் அன்றைய என் வேகத்துக்கு வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஒருத்தி கேட்டாள், "ஆதாரம் இருக்குதா மிஸ்?"

ஆதாரம் இருந்தது. சிதம்பரத்தில் நடந்த அந்த இறுதியாட்டத்தை, எங்கள் அணியில் ஒருத்தியின் மாமா, கல்யாண வீடியோ எடுப்பவர், ஆசைக்காக முழுவதும் பிடித்திருந்தார். அந்தக் கேசட்டைச் சில வருடங்களுக்கு முன் பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தேன். ஆனால் உட்கார்ந்து முழுதாகப் பார்த்ததே இல்லை. கடைசி நிமிடத்தில் நான் போடும் பந்தை மட்டும் ஓடவிட்டு, யாராவது வீட்டுக்கு வந்தால் காட்டுவேன்.

சிதம்பரத்தில் கல்லூரிப் பெண்களுக்குப் பயிற்சி தருகிற ஓர் இளம்பெண் எனக்குப் பழக்கம். அவளிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. தன்னிடம் கணினியில் ஒரு மென்பொருள் இருக்கிறது, வீடியோவிலிருந்து ஒவ்வொருவரின் ஓட்டத்தையும் கோடாக வரைந்துவிடலாம், தன் அணித் தலைவியையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றாள். பழைய படம் மங்கல், கேமரா ஒரே மூலையில் நிற்கிறது, அதனால் தோராயமாகத்தான் வரும் என்றும் எச்சரித்தாள். நான் பென் டிரைவைக் கொடுத்தனுப்பினேன். அவளுடைய மாணவி ஒருத்தி இரண்டு வாரம் உட்கார்ந்து, நொடிக்கு நொடி ஒவ்வொருவரின் காலடியிலும் புள்ளி வைத்து முடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை மாணவிகளிடம் என்ன சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வேகத்தில் கொஞ்சம் பின்தங்கியிருந்தாலும் பரவாயில்லை, தரை அப்போது வெறும் சிமெண்டு, காலில் கேன்வாஸ் ஷூ என்று சொல்லிக்கொள்ளலாம்.

பயிற்சியாளர் முதலில் தன் அணித் தலைவியின் படத்தைத் திறந்தாள். மைதானத்தின் வரைபடம், அதன்மேல் நீலக் கோடு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீலம் பின்னிக் கிடந்தது. அடுத்ததாக என்னுடையது, சிவப்பு. எதிரணியின் கூடையைச் சுற்றிச் சிவப்பு அப்பிக் கிடந்தது. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் கூடை இருக்கும் பாதியில், நாலைந்து கீற்றுகள் மட்டும்.

"இந்தப் பக்கம் ஏன் வரல?" என்று கேட்டேன். படம் பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"முழு ஆட்டமும் இதுதாம்மா. நீங்க டிஃபென்ஸுக்குத் திரும்பி வரவே இல்ல," என்றாள்.

அப்படி இருக்க முடியாது என்றேன். எங்கள் சார் ஆளுக்கு ஆள் தடுப்பாட்டம்தான் சொல்லிக்கொடுத்தார், என் ஆள் எதிரணியின் ஏழாம் எண்காரி, அவளை நான்தான் ஆட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டு நின்றேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் வீடியோவை ஓட்டினாள். பந்து எதிரணிக்குப் போகிறது. எல்லோரும் திரும்பி ஓடுகிறார்கள். நான் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன், பந்து திரும்பி வரட்டும் என்று. ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. அவள் தள்ளித் தள்ளிக் காட்டிய எல்லா இடத்திலும் அப்படியே நின்றேன். ஓரிடத்தில் ஜடையைச் சரிசெய்துகொள்கிறேன்.

ஏழாம் எண்காரியை ஒட்டிக்கொண்டு இருந்தது வேறொருத்தி. குள்ளமான, மெலிந்த பெண். தன் ஆளையும் பார்த்து, என் ஆள் பந்து வாங்கியதும் பாய்ந்து வந்து வழியடைத்து, மறுபடி தன் ஆளிடம் ஓடினாள். பயிற்சியாளர் அவளுடைய பச்சைக் கோட்டையும் வரைந்து வைத்திருந்தாள். நீலத்தைவிட அடர்த்தியாக இருந்தது அது. "இவங்க யாருன்னு தெரியலயே. இன்னிக்கு நாங்க நாலு பேர் சேந்து மாறி மாறி செய்யறத இவங்க ஒத்த ஆளா செஞ்சிருக்காங்க. அப்ப இத யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

அது என் நாத்தனார்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே அணி. பிறகுதான் அவள் அண்ணனை நான் கல்யாணம் செய்துகொண்டேன். அந்த இறுதியாட்டத்தின் கோப்பையையும் சான்றிதழையும் வைத்துத்தான் எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விப் படிப்பு கிடைத்தது, பிறகு இந்த வேலையும். அவளும் அதே படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள், கிடைக்கவில்லை. சிதம்பரம் தெற்கு வீதியில் அவள் கணவர் வைத்திருக்கும் ஃபேன்சி ஸ்டோரில் இத்தனை வருடமாக வளையலும் ரிப்பனும் விற்கிறாள். வீட்டு விசேஷங்களில் பேச்சு கூடைப்பந்துக்குப் போனால் நான் எப்போதும் ஒரு வாசகம் சொல்வேன்: இவள் ஓடிக்கொண்டே இருப்பாள், ஆனால் ஒரு பந்துகூடப் போடமாட்டாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும்தான்.

பயிற்சியாளர் மடிக்கணினியைக் கேட்டதும் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு தெற்கு வீதிக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கோயில் கோபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. செருப்பு வைக்கும் இடத்தில் யாரோ என் தோளை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை.

கடையில் அவள் ஒரு குழந்தையின் கைக்கு வளையல் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். முடியும்வரை காத்திருந்தேன். பொதுவில் என்னை அண்ணி என்பாள். தனியாக இருந்தால் பழைய மாதிரி வாடி போடி என்பாள். என் முகத்தைப் பார்த்ததும், "இன்னாடி ஆச்சு, அண்ணனுக்கு ஏதாச்சுமா?" என்றாள். என் கணவர் செம்மங்குப்பத்தில் ஆலை ஷிப்டில் இருந்தார்.

அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு, கல்லாவின் மேல் மடிக்கணினியைத் திறந்து மூன்று படங்களையும் காட்டினேன். எது யாருடைய கோடு என்று சொன்னேன். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்றோ, போனால் போகிறது என்பாள் என்றோ எதிர்பார்த்தேன்.

"இது எனக்குத் தெரியுமே," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நீ திரும்பி வரமாட்டேன்னு. முதல் மேட்சுலயே தெரிஞ்சிது. சார்கிட்ட போயி சொன்னன். அவ பாயிண்ட் போடறா, நீ பாத்துக்கோன்னுட்டாரு. அதான் பாத்துக்கிட்டன்."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னனே. உங்களுக்குக் கல்யாணம் பேசறப்ப அண்ணன்கிட்ட சொன்னன். அந்தப் படிப்பு எனக்குக் கிடைக்காத கோவம் அப்ப ஜாஸ்தி. அவ நின்னுக்கினே இருப்பா, நாமதான் ஓடணும், யோசிச்சிக்கன்னு சொன்னன்." கொஞ்சம் நிறுத்தி, "அண்ணன் யோசிக்கல," என்றாள்.

அப்படியென்றால் என் கணவருக்கும் தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு காதுகுத்துக்கும் நான் அந்த வாசகத்தைச் சொல்லும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதைக் கேட்க அவள் தயாராக இல்லை. மதியத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் முழு ஆட்டத்தையும் பார்க்கலாம் என்றாள். அவளுக்கு அந்தக் கேசட்டை நான் ஒரு தடவைகூட முழுதாகக் காட்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அவள் சந்தோஷமாகவே பார்த்தாள். பச்சைக் கோட்டுக்காரி பந்தைப் பறிக்கும் இடங்களில் தொடையைத் தட்டிக்கொண்டாள். செத்துப்போன எங்கள் சாரைக் கண்டதும் படத்தை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. நான் நிற்கும் இடங்கள் மட்டுமே கண்ணில் பட்டன.

கடைசி நிமிடம் வந்தது. எங்களுக்கு ஒரு பாயிண்ட் குறைவு. பந்து அவள் கையில். கூடைக்கு நேர் கீழே போய்விட்டாள். அங்கிருந்து மூலையில் நிற்கும் எனக்குத் தூக்கி எறிகிறாள். நான் போடுகிறேன், விழுகிறது, எல்லோரும் என்மேல் வந்து விழுகிறார்கள்.

"நிறுத்து," என்றாள். "திரும்பப் போடு."

போட்டேன். மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை, அவள் கையில் பந்து இருக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். சட்டென்று எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். அதுவரை கல்லாவில் உட்கார்ந்த மாதிரி நிதானமாக இருந்தவள் அவள்.

"ரெண்டு பேர் இருந்தாங்கடி என்மேல," என்றாள். "ரெண்டு பேர் மறைச்சிக்கினு இருந்தாங்க. அதான் உனக்குக் குடுத்தன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

திரையில் அவளைச் சுற்றி யாரும் இல்லை. எதிரணியில் இருவர் என்னை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள், பந்து எப்படியும் எனக்குத்தான் வரும் என்று. ஏழாம் எண்காரி வழுக்கி விழுந்து கிடந்தாள். கூடை என் நாத்தனாரின் தலைக்கு மேலே இருந்தது. கையைத் தூக்கிப் போட்டால் போதும்.

"ஏன் போடல நான்?" என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. அவள் மகன் உள்ளேயிருந்து வந்து சாப்பிட அழைத்ததற்கும் பதில் சொல்லவில்லை. நான் மாவட்டத்தின் சிறந்த வீராங்கனை என்று நம்பிக்கொண்டிருந்ததைப் போலவே, தன்மேல் இருவர் நின்றார்கள் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டையும் ஒரே நாளில் ஒரு மங்கல் படம் இல்லை என்றது. அன்றைக்கு அவள் செய்திருந்த சாம்பார் சாதத்தை இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் கடலூர் திரும்பினேன். ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் நேராகக் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஆமாம், சொன்னாள், தெரியும் என்றார். பிறகு ஏன் நான் பேசியபோதெல்லாம் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, தங்கச்சி சிரித்தாளே, அதனால் அது உங்கள் இருவருக்குள்ளும் இருக்கும் விளையாட்டு என்று நினைத்தேன் என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேல்தானா என்று எனக்கே தெளிவில்லை.

பள்ளியில் பெண்கள் முடிவைக் கேட்டுக் காத்திருந்தார்கள். மூன்று கோடுகளையும் காகிதத்தில் எடுத்துப்போய்க் காட்டினேன். சிவப்பு என்னுடையது என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருத்தி மட்டும், பழைய காலமா புதிய காலமா, யார் ஜெயித்தது என்று கேட்டாள். பச்சைக் கோட்டுக்காரியை இன்றைய அணியில் சேர்த்தால் இன்றைக்கே ஆடுவாள், சிவப்புக் கோட்டுக்காரியை எந்தப் பயிற்சியாளரும் பாதி ஆட்டத்தில் வெளியே உட்காரவைத்துவிடுவார் என்று சொன்னேன். எந்தக் காலத்தில் பிறந்தாள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். பந்து கை மாறியதும் என்ன செய்கிறாள் என்பதை மட்டும் பார்க்கச் சொன்னேன்.

சிதம்பரம் பயிற்சியாளர் என் நாத்தனாரைத் தேடிக் கடைக்கே போயிருக்கிறாள். தன் பெண்களுக்கு அந்தத் தடுப்பாட்டத்தை வந்து சொல்லித்தர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இவள் முதலில் முட்டி வலி, கடையில் ஆள் இல்லை என்று தட்டிக்கழித்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டாளாம். பயிற்சியாளர் என்னைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"டிஃபென்ஸ் நான் சொல்லித் தர்றன். அதுக்கு முன்னாடி, கூடைக்குக் கீழ நின்னு போடறதுக்கு எனக்கு நீ சொல்லிக் குடு பாப்பா, அப்பதான் வருவன்னு சொல்லிட்டாங்கம்மா."

இப்போது செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் கடையை மகனிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போகிறாள். சுடிதாரும், மகனுடைய பழைய ஷூவும். முதல் அரை மணி நேரம் தனியாகப் பந்து போடுகிறாள், அப்புறம்தான் பெண்களைக் கூப்பிடுகிறாள். போன வெள்ளிக்கிழமை சொல்லாமல் போய்ச் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். பத்துக்கு நாலு விழுந்திருக்கும். விழாதவற்றுக்கு அவளே ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கி வந்தாள். உள்ளே போய் நான் பொறுக்கித் தருகிறேன் என்று சொல்லலாமா என்று கேட் வரைக்கும் போனேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி அடுத்ததைப் போட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.