பிரிட்ஜ் மேஜைக்குத் தீர்ப்புச் சொன்ன மூன்று மாதம்

சீட்டாட்டத்தில் நியாயம் சொல்லிப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்: தோற்றவர் நம்மைத் திட்டுவார், ஜெயித்தவர் நன்றி சொல்ல மாட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பி.ஏ. முடித்த கையோடு, அருப்புக்கோட்டை கிளப்பில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கே பிரிட்ஜ் ஆட்டத்துக்கு நியாயம் சொல்வதும் குமாஸ்தா வேலைதான். மூன்று மாதம் சோதனை. அதன்பின் தலைவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எங்கள் ஊர் பாலவனத்தத்திலிருந்து வரும்போதெல்லாம் அப்பா கேட்பார்: "ஏலே, வேலை நிக்குமா?"

அலாரம்

இது நான் சேருமுன் நடந்தது. கிளப் சேவகர் சொல்லக் கேட்டது. வக்கீல் ஒருவர் ஒவ்வொரு சீட்டுக்கும் நெடுநேரம் யோசிப்பாராம். பழைய குமாஸ்தா பொறுக்கமாட்டாமல் அலாரம் கடிகாரத்தை அவர் முன்னால் வைத்துவிட்டார். அது அலறியதும் வக்கீல் நிமிர்ந்து பார்த்து, "கடியாரத்துக்கு அவசரம்னா அது ஆடிட்டுப் போகட்டும். எனக்கு வாய்தா குடுங்க" என்றாராம்.

இருமல்

மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைத்தது. இருட்டுமுன் ஆட்டத்தை முடிப்பது என் பொறுப்பு. பெரிய மனிதர்களை எப்படி அவசரப்படுத்துவது? அதே வக்கீலின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இருமுவேன். ஒருநாள் அவர், "தம்பிக்கு இருமலு. டாக்டரம்மா, என்னன்னு பாருங்க" என்றார்.

எதிரே ஆடிக்கொண்டிருந்த டாக்டரம்மா சொன்னார்: "நோய் உங்ககிட்டதான இருக்கு! நீங்க ஒரு சீட்டு இறக்குறதுக்குள்ள நான் ரெண்டு பிரசவம் பாத்துட்டு வந்துருவேன்."

ஜாக்கி

இந்தப் பக்கத்தில் எல்லாரும் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். அதில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரிய சீட்டு. பிரிட்ஜில் அது ராஜாவுக்கும் கீழே, ஆஸ் சீட்டுதான் பெரியது. என் மூன்று மாதம் முடியும் வாரத்தில், பஞ்சு ஆலை வைத்திருந்த எங்கள் தலைவர், டாக்டரம்மாவின் ராஜாவை அடிக்கிறேன் என்று பழைய பழக்கத்தில் ஓங்கி ஜாக்கியைப் போட்டார். அவர் கையில் அதே இனத்து ஆஸும் இருந்தது. அந்தச் சுற்றுச் சீட்டுகள் யாருக்கு என்ற ஒரு பிடியில்தான் ஆட்டமே இருந்தது.

"கைப்பழக்கம். இதை எடுத்துட்டு ஆஸைப் போடுறேன்" என்றார் தலைவர்.

"அதெப்படி எடுப்பீக? பி.ஏ.வைக் கேளுங்க" என்றார் டாக்டரம்மா.

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த விதிதான், ஆனாலும் இரண்டு தரம் படித்தேன். "போட்ட சீட்டைத் திரும்ப எடுக்க முடியாதுங்கய்யா" என்றேன்.

தலைவர் ஜாக்கியை டாக்டரம்மா பக்கம் தள்ளினார். பிறகு, "பிடி அவுகளுக்கு. உன் வேலைக் காகிதத்தைப் பத்தி நாளைக்குப் பேசுவோம்" என்றார்.

மறுநாள் வேலை நிரந்தரமென்று காகிதம் வந்தது. வெகுநாள் கழித்துக் கோப்பில் தேடிப் பார்த்தேன்: அவர் கையெழுத்துக்குக் கீழே இருந்தது ஜாக்கி விழுந்ததற்கு முந்தின நாள் தேதி, ஆக, என் வாழ்நாளில் நான் காட்டிய ஒரே வீரத்தில் ஆபத்தே இருந்திருக்கவில்லை.