சார்ஜரில் ஒற்றிய கன்னம்

மறுநாள் காலை வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்கு நான் படமெடுக்க வேண்டும். பத்துப் படத்துக்குள் ஃப்ளாஷின் பேட்டரி படுத்துவிடுகிறது. சார்ஜரைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஒல்லியானவர், வலது கன்னத்தில் காசளவுக்கு ஒரு பழைய தீக்காயத் தழும்பு.

மீட்டரால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். "சர்க்யூட்டு நல்லாத்தான இருக்கு. சார்ஜ் போடுறப்ப என்ன செய்வீங்க?"

"ரொம்பச் சுடுதுண்ணே. வெடிச்சிருமோன்னு டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சிருவேன்."

"அங்கதான் தப்பு. பேட்டரி நெறஞ்சா சூடாகும். அந்தச் சூட்ட வச்சுத்தான் இது கரண்ட்ட நிறுத்தும். நீங்க குளுர வச்சா, நெறையலன்னு ஏத்திக்கிட்டே இருக்கும், பேட்டரி கெட்டுப்போகும். பயப்படாம விடுங்க."

புது பேட்டரிகளை மாட்டி, கடை ஃபேனையும் நிறுத்தினார். மற்ற வேலைகளுக்கு நடுவே, அடிக்கடி குனிந்து சார்ஜரில் கன்னத்தை ஒற்றிப் பார்த்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

ஒருவழியாகச் சிவப்பு விளக்கு பச்சையானது. நான் மூச்சுவிட்டேன். அவரோ சுவிட்சை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், பிறகும் குனிந்து அந்தத் தழும்புக் கன்னத்தை ஒருமுறை ஒற்றிப் பார்த்தார்.

என்னைப் பயப்படாதீங்க என்றவர் அவர்தான்.