என்ஜினுக்கு வைத்த சந்தனப் பொட்டு

போன வைகாசியில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். பெருநகர் கிராமத்தில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து உத்திரமேரூர் மண்டபத்துக்குப் பெண்ணை அழைத்துவருவது தாய்மாமன் பொறுப்பு. தாய்மாமன்கள் இரண்டு பேர். மூத்தவன் நான், என்னிடம் இருப்பது பதினான்கு வயதான கார். இளையவன் என் தம்பி. அவன் ஒரு மாதத்துக்கு முன்புதான் வெள்ளையில் புதுக் கார் எடுத்திருந்தான். அதன் கதவைச் சாத்தினால் சத்தமே வராது. என் காரின் கதவைச் சாத்தினால் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும்.

"சின்னவன் வண்டியிலயே பொண்ண கூட்டிக்கினு வந்துடலாமே, ஏசி கீது" என்று அக்கா வீட்டில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. "மூத்தவன் நான் உயிரோடதான் கீறேன்" என்று சபை நடுவே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை.

முகூர்த்தம் திங்கட்கிழமை. முதல் நாள் மாலை நாலரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் பெண் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஞாயிறு காலையில் மோட்டார் போட்டு, குழாயைப் பிடித்துக் காரைக் கழுவினேன். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் தம்பி வண்டியின் பளபளப்பு வரவில்லை. உள்ளேயாவது ஜெயிப்போம் என்று பானெட்டைத் திறந்து என்ஜினையும் குளிப்பாட்டினேன். பிறகு சந்தனத்தைக் கரைத்து, ஆயுத பூஜையில் செய்வதுபோல, கண்ணில் பட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டேன். தம்பி வண்டியின் என்ஜினுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறது. அதற்கு எங்கே பொட்டு வைப்பான், பார்ப்போம்!

இரண்டரை மணிக்குப் பட்டுச்சட்டையோடு தனியாகக் கிளம்பினேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் விறுவிறுவென ஏறிச் சிவப்பில் போய் நின்றது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அது வெடிக்கப்போகிறது என்று நம்பி, ஓடிப்போய் ஒரு புளியமரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். வெடிக்கவில்லை. மரத்தடியில் நின்ற ஆடு ஒன்று என்னைப் பார்த்து இரண்டு முறை கத்தியது. மெக்கானிக்குக்கு போன் போட்டேன். என்னோடு பத்தாவது வரை படித்தவன் அவன். மரியாதை எதிர்பார்க்க முடியாது.

பைக்கில் வந்து இறங்கியவன், புளியமரத்திலிருந்து தலையை நீட்டிய என்னைக் கண்டுகொள்ளாமல் நேரே பானெட்டைத் திறந்து என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"இன்னாடா, இது ஆறிப்போன டீ மாரி கீது. இதுக்கா மரத்துக்குப் பின்னால பூந்துக்கினே?"

"முள்ளு சிவப்புல கீதுடா!"

"முள்ளு பொய் சொல்லுது. சென்சாரப் பாக்கணும்."

பேட்டரி, காற்று வடிகட்டி எல்லாவற்றிலும் என் பொட்டுகள். ரேடியேட்டர் குழாய் என்ஜினைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்குப் பித்தளையில் ஒரு சாமான் இருந்தது. அதன் தலையில் வயர் வந்து மாட்டியிருந்தது. என்ஜின் சூட்டை முள்ளுக்குச் சொல்லும் சென்சார் அதுதானாம். வயரை உருவியதும் முள் தடாலென்று கீழே விழுந்தது. சென்சார் தலைக்குள் எட்டிப் பார்த்த மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய், இதுக்கு எவன்டா பொட்டு வெச்சான்?"

தண்ணீரும் சந்தனமும் உள்ளே இறங்கிக் குழம்பாகி, அங்கிருந்த இரண்டு கம்பிகளையும் ஒன்றாக்கியிருந்தன; முள் பொய் சொன்னது அதனால்தான். பச்சையாகக் களிம்பு பிடித்த அந்தக் கம்பிகளில் ஒன்று, அவன் சுரண்டியதும் ஒடிந்துவிட்டது.

"வேற போட்டாத்தான் ஆவும். ஷெட்டுல இதே மாடல் வண்டி ஒண்ணு படுத்துக்கினு கீது, அதுலேர்ந்து கயட்டிக்கினு வரேன். அளவு பாக்க இத எடுத்துக்கினு போறேன். நீ ஓட்டைய வெரலால மூடிக்கினு நில்லு. தண்ணி போயிடப் போவுது."

ரேடியேட்டர் மூடியை மெதுவாகத் திறந்து காற்றை விட்டான். பிறகு சென்சாரைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் எட்டிப் பார்த்த இடத்தில் என் கட்டைவிரலை வைத்து அமுக்கிவிட்டுப் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்தா அந்த வெள்ளைக் கார் வரவேண்டும்? வந்தது. பக்கத்தில் நின்றது. கண்ணாடி தானாக இறங்கியது. ஏசி காற்றும் மல்லிகை வாசனையும் என் வேர்வைமேல் வந்து மோதின.

"இன்னாண்ணா, வண்டிக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லடா. ஆயில் பாத்துக்கினு கீறேன்."

"வெரல வுட்டா ஆயில் பாப்பாங்க?"

நான் விரலை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மணி மூணே காலாச்சு. நீ வர லேட்டானா நான் பொண்ண ஏத்திக்கினு வந்துடட்டுமாண்ணா?"

நக்கலாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். நிஜமான அக்கறையோடு கேட்டான். அதுதான் வயிற்றெரிச்சல். என் விரல் மட்டும் ஓட்டையில் மாட்டாமலிருந்தால் அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கிப் பக்கத்து ஏரியில் எறிந்திருப்பேன். "நான் வந்துகினே கீறேன், நீ போ" என்றேன். கண்ணாடி ஏறியது. போகும்போது புழுதிகூடக் கிளப்பாமல் போனான், பாவி.

மெக்கானிக் வந்து சேர்வதற்குள் என் விரல் ஊறிப் பணியாரமாகியிருந்தது. சென்சாருக்குப் புது வாஷர் போட்டு முறுக்கி, வயர் முனையைத் துடைத்து மாட்டி, சிந்திய அளவுக்குக் கூலண்ட் ஊற்றி என்ஜினை ஓடவிட்டான். முள் மெல்ல ஏறிப் பாதியில் நின்றது. "போ. இனிமே சாமி கும்புட்டா டயரோட நிறுத்திக்க" என்றான்.

நாலு இருபதுக்கு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். தம்பி கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தான். பெண் அதில் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தாள். நான் ஹாரனை அமுக்கினேன். அவள் காலை எடுத்துக்கொண்டாள். "பெரிய மாமா வந்துடுச்சு" என்று தம்பியே அவளை என் வண்டிக்குக் கொண்டுவந்து விட்டான். மாலையும் கழுத்துமாக அவள் ஏறியதும் கதவைச் சாத்தினேன். எப்போதும்போல ஊரே திரும்பிப் பார்த்தது.

முள்ளுக்குப் பயந்து நான் ஏசி போடவில்லை. இரண்டு கிலோமீட்டர் போனதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"மாமா, மேக்கப்பு வழியுது. சின்ன மாமா வண்டியில ஏசி கீது இல்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஏசியைப் போட்டேன். ஒரு கண் முள்மேல், ஒரு கண் கண்ணாடியில். முள் அசையவில்லை. கண்ணாடியில் அந்த வெள்ளைக் கார், உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு, முந்துவதற்கு ஹாரன் அடித்தபடி வந்தது.

மண்டப வாசல் வரைக்கும் நான் வழிவிடவில்லை.